ஆன்டிபயாடிக் மருந்துகள்: கிருமியை எங்கே அடிக்கின்றன, நம்மை எங்கே படுத்துகின்றன

(எங்கள் கிளையின் மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, பிறகு மத்திய அரசின் தணிக்கை இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே இங்கே நான் யாருக்கும் மருந்து சொல்ல வரவில்லை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொண்ட அளவில் சொல்ல வந்திருக்கிறேன். தணிக்கையில் பழகிய ஒரு வழக்கம் இதற்கும் பொருந்துகிறது. வரவுப் பத்தியைப் பார்த்தால் அதன் எதிரில் செலவுப் பத்தியையும் பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் விஷயத்தில் நாம் பெரும்பாலும் வரவை மட்டும் பார்க்கிறோம். ஜுரம் இறங்கியதா, சரி என்று விட்டுவிடுகிறோம்.

இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் அங்கத்தினர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். தொண்டை வலி என்றால் மருந்துக் கடைக்குப் போன் செய்கிறோம். கடைப் பையன் வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறான். இல்லாவிட்டால் போன தடவை மிச்சமான அட்டையை அலமாரியிலிருந்து எடுக்கிறோம். நம்மில் அநேகமாக எல்லோருமே ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் இருதயத்துக்கும் தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் புதிதாக ஓர் ஆன்டிபயாடிக் போய்ச் சேரும்போது என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது.

அடிப்படைத் தத்துவம்

பாக்டீரியா என்பது ஒரே செல்லால் ஆன உயிர். நம் உடம்பும் செல்களால் ஆனதுதான். கிருமியைக் கொன்று நம் செல்லைக் கொல்லாமல் விடவேண்டும் என்றால், கிருமியிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்றையோ, இரண்டிடமும் இருந்தாலும் அமைப்பில் மாறுபட்ட ஒன்றையோ குறிபார்த்து அடிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் முக்கியமாக நான்கு: கிருமியின் வெளிச்சுவர், அது புரதம் தயாரிக்கும் இடம், அதன் மரபுப்பொருளான டி.என்.ஏ., ஃபோலிக் அமிலம் தயாரிக்கும் வழி. எந்த ஆன்டிபயாடிக்கையும் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில் வைத்துவிடலாம்.

வைரஸுக்கு இந்த நான்கில் சுவரும் இல்லை, புரதம் தயாரிக்கும் இடமும் இல்லை. அது நம் செல்லுக்குள் புகுந்து நம் சாமான்களை வைத்தே பிழைப்பு நடத்துகிறது. ஆகவே சாதாரண ஜலதோஷத்துக்கும் ஃப்ளூ ஜுரத்துக்கும் டெங்குவுக்கும் ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. 2020-ல் கொரோனா வந்தபோது அஸித்ரோமைசின் மாத்திரை நாடெங்கும் ஏராளமாகச் சாப்பிடப்பட்டது. பின்னர் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வுகளில் அதனால் கொரோனா நோயாளிகளுக்குப் பலன் இல்லை என்று தெரிந்தது. "மூன்று நாள் சாப்பிட்டேன், ஜலதோஷம் போய்விட்டதே" என்பார்கள். சாப்பிடாமல் இருந்தாலும் போயிருக்கும்.

சுவரை உடைக்கும் மருந்துகள்

முதல் வகை பென்சிலின் குடும்பம். 1928-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் கண்ணாடித் தட்டில் படர்ந்த பூஞ்சணத்தைப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். அதை மருந்தாக ஆக்கியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஃப்ளோரி, செயின், ஹீட்லி ஆகியோர். 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்கு முதலில் கொடுத்தார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்து மரணப் படுக்கையில் இருந்தவர் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்தார். ஆனால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடி கொடுத்தும் போதவில்லை. மார்ச் 15 அன்று அவர் காலமானார். அந்த மருந்து இன்று தெருமுனைக் கடையில் கிடைக்கிறது என்பதை நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நமது நாட்டில் பென்சிலின் தயாரிக்க 1954-ல் புனே அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் ஏற்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் அதற்கு உதவி செய்தன.

வேலை செய்யும் விதம் இதுதான். பாக்டீரியாவுக்குள் அழுத்தம் அதிகம். அதைத் தாங்குவதற்கு வலை பின்னியது போன்ற ஒரு சுவர் இருக்கிறது. வளரும்போது அந்த வலையின் இழைகளை முடிச்சுப் போட ஓர் என்சைம் இருக்கிறது. பென்சிலின் பார்வைக்கு அந்த இழையின் நுனியைப் போலவே இருப்பதால் என்சைம் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு விட முடிவதில்லை. கொத்தனார் செங்கல் என்று நினைத்து எடுத்தது கையோடு ஒட்டிக்கொண்டால் கட்டட வேலை நின்றுவிடும் அல்லவா? சுவர் பலமிழந்து கிருமி வெடித்துச் சாகிறது. நம் செல்லுக்கு இப்படிப்பட்ட சுவரே இல்லை. அதனால்தான் பென்சிலின் குடும்பம் பொதுவில் நமக்குச் சாதுவான மருந்து.

ஆனால் ஒவ்வாமை என்று ஒன்று இருக்கிறது. உடம்பில் தடிப்பு, அரிப்பு வரலாம். அபூர்வமாக மூச்சுத் திணறி ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். அப்படி ஒரு தடவை வந்தவர்கள் அதை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம், "எனக்குப் பென்சிலின் ஆகாது" என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லோருக்கும் நிஜமான அலர்ஜி இல்லை. அமெரிக்காவில் பத்துப் பேரில் ஒருவர் அப்படிச் சொல்கிறார். பரிசோதித்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே உண்மையான ஒவ்வாமை இருக்கிறது. சின்ன வயதில் வந்த தடிப்பு நினைவில் தங்கி, நல்ல மருந்து ஒன்று ஆயுள் முழுக்க விலகி நிற்கிறது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிப் பரிசோதனை செய்துகொள்வது உத்தமம்.

சில கிருமிகள் பென்சிலினை அறுத்துப் போடும் பீட்டா லாக்டமேஸ் என்ற என்சைமைத் தயாரிக்கின்றன. அதைச் சமாளிக்க அமாக்ஸிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்த அமிலம் தானே போய் என்சைமிடம் மாட்டிக்கொண்டு அமாக்ஸிசிலினைத் தப்பவிடுகிறது. இந்தக் கூட்டு மருந்தில் வயிற்றுப்போக்கு சகஜம். வயதான ஆண்களுக்குச் சில சமயம் ஈரலைப் பாதித்து மஞ்சள் காமாலை வரும். மருந்தை நிறுத்திச் சில வாரம் ஆன பிறகும் வரலாம். எனவே கண் மஞ்சளானால், போன மாதம் சாப்பிட்ட மருந்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் முதலிய செஃபலோஸ்போரின்களும் இதே வழியில்தான் சுவரை உடைக்கின்றன. இவற்றின் மூலம் 1945-ல் இத்தாலியின் ஸார்டினியா தீவில், சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில், புரோட்ஸு என்ற பேராசிரியர் கண்டெடுத்த பூஞ்சணம். ஆஸ்பத்திரியில் கடும் நோய்க்கு ஊசியாகக் கொடுக்கும் மெரோபெனம் இந்த வம்சத்தின் தூரத்து உறவு.

புரதத் தொழிற்சாலையை நிறுத்தும் மருந்துகள்

செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் இடத்துக்கு ரைபோசோம் என்று பெயர். பாக்டீரியாவின் ரைபோசோமும் நம்முடையதும் அளவிலும் அமைப்பிலும் வேறு. அந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி நான்கைந்து வகை மருந்துகள் வேலை செய்கின்றன. ஆனால் ஒரு சிக்கல். நம் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பெரிதும் ஒத்திருக்கிறது. இந்த வகை மருந்துகளின் சில கடுமையான பக்க விளைவுகளுக்கு இதுவே காரணம்.

முதலில் ஸ்ட்ரெப்டோமைசின் வகை. 1943-ல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. காசநோய்க்கு முதன்முதலில் பலன் தந்த ஆன்டிபயாடிக் இது. அதன் இன்றைய உறவினர்கள் ஜென்டமைசின், அமிகாசின். ஊசியாகத்தான் கொடுப்பார்கள். உயிர் காக்கும் மருந்து. ஆனால் சிறுநீரகத்தையும் உட்காதையும் பாதிக்கக்கூடியது. சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். உட்காதில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை. காதில் ரீங்காரம், தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம் வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். தாய் வழியாக வரும் ஒரு மரபுக் கோளாறு உள்ளவர்களுக்குக் குறைந்த அளவிலேயே காது போய்விடும். குடும்பத்தில் அம்மா வழியில் யாருக்காவது ஊசி போட்ட பின் காது கேளாமல் போயிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது டெட்ராசைக்ளின் வகை. இதன் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தது, லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து. கண்டுபிடித்தவர் டக்கர். அந்த ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். நோபல் பரிசு கிடைக்காமல் அதே 1948-ல் காலமானார். இப்போது நமக்கு எழுதித் தருவது பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின். எலிக்காய்ச்சலுக்கும், உண்ணி ஜுரம் என்கிற ஸ்க்ரப் டைஃபஸுக்கும் கைகண்ட மருந்து. இதைச் சாப்பிடும்போது வெயிலில் தோல் எளிதில் கருகும். மாத்திரை தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாகும். ஆகவே ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். படுக்கப் போகும்போது ஒரு வாய் தண்ணீரில் விழுங்கிவிட்டுச் சாய்வது கூடாது. சிறு குழந்தைகளுக்குப் பல்லில் கறை ஏற்படும் என்பதால் பேரன் பேத்திக்கு நாமாகக் கொடுக்கவே கூடாது.

மூன்றாவது வகை எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், அஸித்ரோமைசின். வயிற்றைப் புரட்டுவது இவற்றின் சிறிய தொல்லை. பெரிய விஷயம் இருதயத் துடிப்பின் தாளம் தவறக்கூடியது. அஸித்ரோமைசின் பற்றி இப்படி ஓர் எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013-ல் வெளியிட்டது. ஏற்கெனவே துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் கொழுப்பு மாத்திரைகளான சிம்வஸ்டாடின், அடோர்வஸ்டாடின் ஆகியவை ஈரலில் கழிந்து போவதைத் தடுக்கும். அவை ரத்தத்தில் சேர்ந்து தசைகளைச் சிதைக்கும். அந்தச் சில நாட்களுக்குக் கொழுப்பு மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது குளோரம்ஃபெனிகால். 1947-ல் கிடைத்தது. டைபாய்டு என்றாலே குலை நடுங்கிய காலத்தில் பல வீடுகளைக் காப்பாற்றிய மருந்து இது. ஆனால் பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை ரத்தம் தயாரிப்பதையே நிறுத்திவிடும். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் இன்று பெரும்பாலும் கண் சொட்டு மருந்தாகத்தான் பார்க்கிறோம்.

டி.என்.ஏ.வைத் தாக்கும் மருந்துகள்

பாக்டீரியாவின் டி.என்.ஏ. முறுக்கிய கயிறு போல் இருக்கும். பெருகும்போது அந்த முறுக்கை அவிழ்க்க, கயிற்றை வெட்டி மறுபடி ஒட்டுகிற ஓர் என்சைம் வேண்டும். சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின், நார்ஃப்ளாக்ஸசின் ஆகியவை வெட்டிய பிறகு ஒட்டவிடாமல் அந்த என்சைமைப் பிடித்துக்கொள்கின்றன. கிருமி துண்டு துண்டாகிறது.

நம் வயதினர் மிகவும் கவனிக்க வேண்டிய வகை இது. 2008-ல் அமெரிக்காவில் இந்த மருந்துகளின் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது: தசைநாண் வீங்கலாம், அறுந்துபோகலாம். முக்கியமாகக் குதிகாலின் பின்புற நாண். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும், ஆஸ்துமா அல்லது மூட்டுவலிக்காக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். 2018-ல் மேலும் இரண்டு எச்சரிக்கைகள் வந்தன. சர்க்கரை மிகவும் தாழ்ந்து போகலாம், மனக்குழப்பம் உண்டாகலாம் என்பது ஒன்று. வயிற்றிலோ மார்பிலோ பெருந்தமனி வீங்கியிருப்பவர்களுக்கு அது கிழியும் அபாயம் உண்டு என்பது மற்றொன்று. வேறு மருந்து பலன் தரக்கூடிய சாதாரண ஸைனஸ் தொல்லைக்கும் லேசான மூத்திர எரிச்சலுக்கும் இதை முதலில் எடுக்க வேண்டாம் என்பதே இப்போதைய அபிப்பிராயம்.

சாப்பாட்டு விஷயமும் இதில் இருக்கிறது. பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் சிப்ரோவைப் பிடித்துக்கொள்வதால் மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. தயிர் சாதம் சாப்பிட்டு எழுந்த கையோடு சிப்ரோ போட்டுக்கொண்டால் பாதி மருந்து வீண். கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, அமிலத்துக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மாத்திரை சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே இவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் இவற்றைச் சாப்பிட்டுவிட்டால் ஆறு மணி நேரம் கழித்தே மாத்திரை. இன்னொன்று, நம்மவர்களுக்கு மனக் கஷ்டம் தரும் செய்தி. காப்பியில் உள்ள காஃபீன் ஈரலில் கழிந்து போவதைச் சிப்ரோ தடுக்கிறது. வழக்கமான இரண்டு டம்ளர் டிகிரி காப்பியே நான்கு டம்ளர் போல வேலை செய்து, தூக்கமில்லாமலும் படபடப்பாகவும் இருக்கும்.

வயிற்றுப்போக்குக்கு நாம் சர்வ சாதாரணமாக வாங்கும் மெட்ரோனிடஸோலும் கிருமியின் டி.என்.ஏ.வைச் சிதைப்பதுதான். பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளுக்கும் அமீபாவுக்கும் நல்ல மருந்து. வாயில் உலோகக் கசப்பு தெரியும், சிறுநீர் கறுக்கலாம். இவை பயப்பட வேண்டியவை அல்ல. நீண்ட நாள் சாப்பிட்டால் கால் விரல்கள் மரத்துப்போகும். அதைக் கவனிக்க வேண்டும். மதுவோடு சேர்க்கக் கூடாது என்று குறிப்பிலேயே போட்டிருக்கிறது. நம் சபையில் அந்தப் பேச்சே இல்லை என்று சிரிக்கிறீர்கள். அரிஷ்டங்களிலும் சில இருமல் டானிக்குகளிலும் ஆல்கஹால் உண்டு என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

என் மைத்துனருக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். இருதய வால்வு ஆபரேஷன் ஆனவர். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்து வயிறு சரியில்லை. கடையில் கேட்டார், மெட்ரோனிடஸோல் கொடுத்தார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கடையில் யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் பல் விளக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தம் உறையும் அளவைக் காட்டும் ஐ.என்.ஆர். எட்டைத் தாண்டியிருந்தது. அவருக்கு இருக்க வேண்டியது மூன்று. மெட்ரோனிடஸோல் வார்ஃபரினை உடம்பில் தேங்க வைத்துவிட்டது. சமயத்தில் போனதால் பிழைத்தார். மூளையில் கசிந்திருந்தால் கதை வேறு. வார்ஃபரினோ அசெனோகூமராலோ சாப்பிடுகிறவர்கள், எந்த ஆன்டிபயாடிக் ஆனாலும் ஆரம்பித்த சில நாளில் ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ள வேண்டும்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் இந்தப் பகுதியில் வருவதே. டி.என்.ஏ.விலிருந்து செய்தியைப் படியெடுக்கும் என்சைமை அது அடைக்கிறது. சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும். அது மருந்தின் நிறம், ரத்தம் இல்லை. ஈரலை மட்டும் கண்காணிக்க வேண்டும்.

பட்டினி போட்டுக் கொல்லும் மருந்துகள்

கடைசி வகை சல்ஃபா. பென்சிலின் மருந்தாக வருவதற்கு முன்பே, 1930-களில் ஜெர்மனியில் டோமாக் கண்டது. செல் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். நாம் அதைக் கீரையிலும் பருப்பிலும் பெறுகிறோம். பாக்டீரியாவோ தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். அதன் மூலப்பொருளைப் போல வேஷம் போட்டுச் சல்ஃபா உள்ளே நுழைந்து தயாரிப்பைக் கெடுக்கிறது. ஃபோலிக் அமிலத்தை 1945-ல் ஆய்வுக்கூடத்தில் தயாரித்துக் காட்டியதும் மேலே சொன்ன சுப்பாராவின் குழுதான்.

இப்போது ட்ரைமெதோப்ரிமுடன் சேர்த்துக் கோ-ட்ரைமாக்ஸசோல் என்று வருகிறது. பழைய, மலிவான மருந்து என்று அலட்சியம் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்களுக்கு இதோடு சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இருதயத் துடிப்பு நின்றுபோகக்கூட இடமுண்டு. கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை தாழும். அபூர்வமாக வாய், கண், தோல் எல்லாம் கொப்பளித்து உரியும் ஒரு கொடிய ஒவ்வாமை வரும். சல்ஃபா சாப்பிடும்போது வாயில் புண்ணும் தோலில் சிவப்பும் சேர்ந்து வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லா வகைக்கும் பொதுவானது

குடலில் நமக்கு நன்மை செய்யும் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆன்டிபயாடிக்குக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. நல்லவை அழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற முரட்டுக் கிருமி குடியேறினால் கடுமையான பேதியும் வயிற்று வலியும் ஜுரமும் வரும். வயதானவர்களுக்கு இது உயிராபத்து. மருந்து முடிந்து சில வாரம் கழித்தும் வரலாம். அப்போது பேதியை நிறுத்தும் மாத்திரையை நாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

சிறுநீரகம் வயதோடு மந்தமாகிறது. பல ஆன்டிபயாடிக்குகள் அதன் வழியே வெளியேறுவதால் நாற்பது வயதுக்காரர் சாப்பிடும் அளவு நமக்கு அதிகமாக இருக்கலாம். கடைசியாக எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போவது நல்லது.

செலவுப் பத்தியில் இன்னொரு வரி

இதுவரை சொன்னது நம் ஒருவர் உடம்புக்கான செலவு. ஊருக்கான செலவும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தடவை ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதும் பலவீனமான கிருமிகள் சாகின்றன. எதிர்த்து நிற்கத் தெரிந்தவை மிஞ்சிப் பெருகுகின்றன. எதிர்க்கும் வித்தையை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றவும் செய்கிறது. ஃப்ளெமிங்கே 1945-ல் நோபல் உரையில், மருந்தைக் குறைவான அளவில் சாப்பிட்டுக் கிருமியைப் பழக்கிவிடுவார்களே என்று கவலைப்பட்டார். மெரோபெனம் வரை அறுக்கும் ஒரு என்சைமுக்கு நம் தலைநகரின் பெயரையே வைத்தார்கள். டில்லி வந்து போன ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் அது கண்டறியப்பட்டதால் வந்த பெயர். 2010-ல் அது பெரிய சர்ச்சையாயிற்று. பெயரில் ஆட்சேபம் இருக்கலாம். கிருமி இருப்பதில் சந்தேகமில்லை. 2012-ல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் இதற்கு வழி சொன்னது. 2014 மார்ச் முதல் அமலுக்கு வந்த எச்-1 அட்டவணைப்படி, அதில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் புத்தகத்தில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2016-ல், அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று அரசு பிரசாரம் செய்தது. சட்டம் இருக்கிறது. வாங்குகிற நாம் கேட்காமல் இருந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

நாளைக்கு நமக்கே நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுக்கும்போது, எந்த மருந்துக்கும் மசியாத கிருமியாக இருந்தால் பணம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. பிள்ளை விமானத்தில் வந்து இறங்குவதற்குள் விஷயம் கைமீறிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

1. தினசரி சாப்பிடும் எல்லா மருந்தின் பெயரும் அளவும், ஒவ்வாமையும் எழுதிய ஒரு காகிதத்தைப் பர்ஸில் வையுங்கள். ஆயுர்வேத, ஹோமியோ மருந்தையும் சேர்த்து எழுதுங்கள்.

2. ஆன்டிபயாடிக் எழுதினால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எந்த வகை? எத்தனை நாள்? என் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா? கேட்பது அவமரியாதை ஆகாது.

3. சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். சில நோய்களுக்குக் குறைந்த நாளே போதும் என்று இப்போது டாக்டர்களே குறைத்து எழுதுகிறார்கள். அதை அவர்கள் தீர்மானிக்கட்டும். காசநோய்க்கு மட்டும் ஒரு நாள்கூட விடக்கூடாது.

4. மிச்ச மாத்திரையைச் சேர்த்து வைக்காதீர்கள். அடுத்த வீட்டு மாமிக்கும் கொடுக்காதீர்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் அவர் சாப்பிடும் வார்ஃபரின் உங்களுக்குத் தெரியாது.

5. ஜலதோஷத்துக்கு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதாமல் அனுப்பினால், மருந்தே தரவில்லை என்று குறைப்படாதீர்கள். அவர் நல்ல டாக்டர்.

6. குதிகால் வலி, காதில் ரீங்காரம், மூச்சுத் திணறல், தோல் கொப்பளம், கண்ணில் மஞ்சள், ரத்தக் கசிவு, கடும் பேதி: இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். மூச்சுத் திணறல், தோல் கொப்பளம், நிற்காத ரத்தம் என்றால் பேசக் காத்திராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் உங்கள் மருந்துகளை எழுதக் கட்டம் போட்டிருக்கிறது. மற்ற ஊர் அங்கத்தினர்கள் இதைப் படித்த பிறகு தங்கள் கிளையில் ஒரு டாக்டரை அழைத்து, அவரவர் மருந்துச் சீட்டோடு ஒரு மாலை உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்தால் நான் பேசியதற்குப் பலன் உண்டு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மற்றதற்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் மாமி இருக்கிறார்.